எந்த இடது?

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் பால்மாடுகளைப் பார்த்து வந்தவன் சடையன். உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், மாட்டு வைத்தியம் பழகி வரச் சொல்லி துரை அவனைப் பதுளைக்கு அனுப்பினார்.

அங்கே மாட்டு டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை ஆபீஸ் கிளாக்கர் ஐயா தமிழில் சொன்னார். ஈரப்புல் மேய்ந்த மாட்டுக்கு வயிறு ஊதினால், இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் குழாய் ஊசியைக் குத்த வேண்டும், காற்று வெளியேறிவிடும். டாக்டர் மாட்டுக்கு எதிரே நின்று தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு இடதா, மாட்டுக்கு இடதா?

சடையன் கேட்டான். "இடதெண்டா இடதுதான்" என்றார் கிளாக்கர்.

அங்கே கொடுத்த ஊசியோடு லயத்து வீட்டுக்கு வந்தவனிடம் அவன் பெண்சாதி பெரியாயி, "என்னா படிச்சீங்க?" என்றாள்.

"குத்தப் படிச்சேன். எந்தப் பக்கம்னுதான் புரியல."

மழை பிடித்ததும் செவலைப் பசுவுக்கு வயிறு ஊதியது. சடையன் முன்னால் நின்று பார்த்தான், பின்னால் போய் நின்று பார்த்தான். அவனுடைய இடது மாறிக்கொண்டே இருந்தது.

"ஒரு பக்கந்தானே மத்தளமாட்டம் நிக்குது. அங்கன குத்துங்க" என்றாள் பெரியாயி.

குத்தினான். நாற்றக் காற்று சீறி வந்தது. பசு பிழைத்தது. ஊரெல்லாம் அவனைக் கெட்டிக்காரன் என்றது. அவனுக்கோ தான் செய்தது சரியா, தற்செயலா என்றே தெரியவில்லை.

மறு வருஷமும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். வந்திருந்தவர் வேறு டாக்டர். முதலில் வாயில் எண்ணெய் ஊற்று, முன்கால்களை மேட்டில் ஏற்று, வயிற்றைத் தேய், மூச்சு முட்டினால் மட்டும் குத்து என்றார்.

"போன வருஷம் குத்தத்தானே சொன்னாங்க, ஐயா?"

"அதுவும் சரியாம்" என்றார் கிளாக்கர்.

தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வரும் வண்டிக்கார றஹீமின் காளை கொஞ்ச நாளில் ஊதிப்போய் நின்றது. சடையன் அதன் வாயில் எண்ணெய் ஊற்றி, வயிற்றைத் தேய்த்தான்.

"குத்துங்களேன், சடையன். ஊசி கையிலதானே இருக்கு" என்றார் றஹீம்.

"பொறுங்க. மூச்சு முட்டணுமாம்."

"இப்ப முட்டலையா?"

எவ்வளவு முட்டினால் முட்டியதாகக் கணக்கு? அதை யாரும் சொல்லித்தரவில்லை. காளை முழங்காலிட்டு நாக்கைத் தள்ளியபோதுதான் அவன் குத்தினான். காற்று வந்தது; காளை எழும்பவில்லை.

"நீங்க என்ன செய்வீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு றஹீம் காளையின் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். திட்டியிருந்தால் சடையனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வகுப்புக்குப் போகமாட்டேன் என்றவன், ஒரு கேள்விக்காகவே போனான். குத்தும் நேரத்தை எப்படிக் கண்டுகொள்வது? டாக்டர் நெடுநேரம் விளக்கினார். கிளாக்கர் தலையைச் சொறிந்தார்.

"பாத்துப் பாத்துத்தான் தெரியவருமாம்."

அதற்குப் பிறகு ஒரு வகுப்பையும் அவன் விடவில்லை. அவன் கைக்கு வந்த மாடுகளில் பிழைத்தவையே அதிகம். எது எண்ணெயால் பிழைத்தது, எது ஊசியால் பிழைத்தது என்று யாராவது கேட்டால், "அதுதாங்க எனக்கும் வெளங்கல" என்பான்.