குடிக்கென்று ஒரு சாமுவேல் சார்

எங்கள் எஸ்தரைப் பார்த்து வேலூர்ப் பேராசிரியர்கள் அசந்துபோவார்கள் என்று நான் முன்பே சொன்னேன். இன்று அப்படியே நடந்தது, தோஸ்துகளே.

எஸ்தர் என் அக்கா மகள். அவளுக்கு மனநல ஆலோசனை (கவுன்சலிங்) எம்.ஏ. படிப்புக்கு இன்டர்வியூ. ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்து, குடித்துக் கெடுகிறவர்களின் குடும்பங்களைத் தேற்றும் பாடம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

அங்கே யார் எதற்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் நான்தான் விவரம் சொன்னேன்.

“நர்ஸா இருந்த மேடம் நோயாளிங்களுக்கு. பாதிரியாரா இருந்தவரு புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு. ராணிப்பேட்டைல லேபர் ஆபீசரா இருந்த சாமுவேல் சாருதான் குடிக்கு. நம்ம தோஸ்து!”

அதை அவள் உள்ளே அப்படியே ஒப்பித்துவிட்டாள்.

வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“குடிக்கு அங்க யாருமே இல்லியாம் மாமா. உங்க சாமுவேல் சாரை அடுத்த திங்கக்கிழமை கூட்டினு வரணுமாம். அவர் பாடம் எடுத்தாத்தான் எனக்கு அந்தப் படிப்பு.”

“இன்னாம்மா, திங்கக்கிழமையேவா?” என்றேன்.

நர்ஸும் பாதிரியாரும் சத்தியமாக உண்மை. சாமுவேல் மட்டும் பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது என் வாயில் பிறந்தவர்.

யாருக்காவது ஓய்வுபெற்ற லேபர் ஆபீசரைத் தெரிந்தால் உடனே ஒரு கார்டு போடுங்கள். பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன்.