கருவாட்டுக் கடை விலாசம்

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். டிக்கோயாவிலிருந்து அக்கா தபாலில் அனுப்பிய கருவாடு. எனக்கென்னவோ அந்த நாற்றம் பட்டாலே மனசு லேசாகிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லோருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, யாராவது கவனிக்கும்வரை அங்கேயே கிடக்கும். அக்காவின் பல்கலைக்கழகக் கடிதம், பதிவுக்கான கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அவள் கொழுந்து பறிக்கப் போனாள்.

அதனால் என் விண்ணப்பத்தில் டவுன் கருவாட்டுக் கடை விலாசத்தை எழுதச் சொன்னார் அப்பா. தினமும் வேலை முடிந்ததும் கடைக்கு இறங்கிப் போய், வெறுங்கையோடு ஏறி வருவார்.

ஒருநாள் அப்பா கிளம்புவதற்குள், கொட்டுகிற மழையில் கடை முதலாளியே வாசலில் வந்து நின்றார்.

“நனஞ்சிறக் கூடாதுன்னு கருவாட்டுப் பைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். பிரிங்கண்ணே.”

பதிவு செய்ய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அக்கா தேதியை மூன்று தடவை வாசித்தாள். பிறகு கடிதத்தை முகர்ந்துவிட்டுச் சிரித்தாள்.

“நாறுதுடி. ஆனா நேரத்துக்கு வந்திருச்சு.”

அக்கா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். பொட்டலத்தைத் திருப்பினேன். அனுப்புநர் விலாசத்தில் இன்றைக்கும் அந்தக் கருவாட்டுக் கடைதான்.