இறக்கையில் விழுந்த பிளவு

விஜயதசமியன்று காலை எங்கள் வீட்டு கலர் பிரிண்டர் ஒரு பட்டாம்பூச்சியை இரண்டாக வெட்டித் தள்ளியது. இடது இறக்கையில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. அந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் ஒரு நூல் நகர்ந்து இரட்டையாகத் தெரிந்தன.

பட்டாம்பூச்சி என் மகளுடையது. ஒன்பதாவது படிக்கிறாள். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு வருஷம் அலைந்து அவளே எடுத்த பன்னிரண்டு படங்களை மறுநாள் பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். மைசூரே தசரா ஊர்வலத்துக்கு இடம் பிடிக்கப் போயிருந்தது. நாங்கள் இருக்கும் விஜயநகர் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது.

அன்று காலைதான் அவள் பிரிண்டரில் மை ஊற்றியிருந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"மையை மாத்தி ஊத்திட்டே. கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கரெக்டாதான்ப்பா ஊத்தினேன். சும்னே, காரணமில்லாம திட்டாதே," என்றாள். முகம் சுருங்கிப்போய் உள்ளே சென்றுவிட்டாள்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவன். ஒரு கோளாறு கண்ணில் பட்டால் சோறு இறங்காது. முதலில் சோதனைக் கட்டங்களை அச்சிட்டேன். நான்கு நிறங்களும் பளிச்சென்று இருந்தன, ஒரு கோடும் விடுபடவில்லை. மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை இரண்டு முறை கொடுத்தேன். மை வீணானதுதான் மிச்சம். கெட்டித் தாள் வைத்தேன். பிளவு அப்படியே இருந்தது.

பிறகு, ஏதோ தோன்றி, படத்தைத் தலைகீழாகத் திருப்பி அச்சிட்டேன். இந்த முறை வெட்டுப்பட்டது வலது இறக்கை. தாளில் பார்த்தால் பிளவு அதே இடம், இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மை மாறியிருந்தால் நிறம் கெடும், புள்ளிகள் எப்படி நகரும்? அப்படியானால் மெஷினுக்குள்தான் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏதோ இருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்தேன். மை தெளிக்கும் பெட்டி ஓடும் பாதைக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கோடுகள் உண்டு. தான் எங்கே இருக்கிறோம் என்பதைப் பெட்டி அவற்றைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். நாடாவில், நான்கு விரல் தள்ளி, சிவப்பாக ஒரு பெருவிரல் தடம்.

குங்குமம். முந்தைய நாள் ஆயுத பூஜை. மைசூரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இயந்திரமே இருக்காது. எங்கள் தொழிற்சாலையில் இயந்திரத்தின் வெளி உடம்புக்கு மட்டுமல்ல, உள்ளே ஓடுகிற பாகத்துக்கும் வைப்போம். அந்தப் பழக்கத்தில் மூடியைத் திறந்து மைப்பெட்டிக்கும் வைத்தவன் நான். கையை எடுக்கும்போது விரல் நாடாவில் பட்டிருக்கிறது.

ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. கிளீனிங் கொடுத்ததில் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். துணியை நனைத்துக்கொண்டும் வந்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தன் பெருவிரலைப் பக்கத்தில் நீட்டி அளவு பார்த்தாள். தடம் பெரியது.

"என்னுதுதான். நேத்து பொட்டு வெச்சப்போ பட்டிருக்கு," என்றேன்.

துணியை வாங்கி அவளே மெதுவாகத் துடைத்தாள். அடுத்த தாளில் இறக்கை முழுசாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

"மெஷினுக்கு இத்தனை டெஸ்ட் வெச்சியே, என்னை மட்டும் ஏன்ப்பா ஒரு டெஸ்ட்கூட வைக்காம ஃபெயில் பண்ணினே?"

வெட்கமாக இருந்தது. இன்னும் பதினோரு படங்கள் பாக்கி இருந்தன. ஒவ்வொரு தாளாக எடுத்து அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.