சாட்சி நேரம்

கல்யாணமாகி வடசென்னை எர்ணாவூருக்கு வந்த அன்றே என் பெயர் போய்விட்டது. எல்லாருக்கும் நான் பாஸ்டரம்மா. என் அம்மா வயதுள்ள பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் கணவர் அங்கே ஒரு சின்னச் சபையின் போதகர். தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம், அதை ஒட்டி நாங்கள் குடியிருக்க இரண்டு அறைகள். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் தெருமுனையில் வரிசைகட்டி நின்றால் பிரசங்கம் காதில் விழாது. கொடியில் காயும் துணியில் மாலைக்குள் கரித்தூள் படிந்துவிடும். நான் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இங்குள்ளவர்கள் பேசுவது முதலில் பாதிதான் புரிந்தது.

புறப்படும்போது என் மாமியார் ஒரு புத்தி சொல்லி அனுப்பினார். "சபையில ஒருத்திகிட்ட மட்டும் ஒட்டுதலா இருக்காத. அடுத்தவளுக்கு மனசு நோகும்." அதை அப்படியே கடைப்பிடித்தேன். எல்லார் வீட்டுக்கும் போனேன், கொடுத்த டீயைக் குடித்தேன், ஜெபம் செய்துவிட்டு வந்தேன். எந்த வீட்டிலும் காலை நீட்டி உட்கார்ந்து பேசியதில்லை.

புதன்கிழமை மதியம் நடக்கும் பெண்கள் கூட்டம் என் பொறுப்பு. பாட்டு, ஜெபம், அப்புறம் சாட்சி நேரம். ஒவ்வொருத்தராக எழுந்து ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை கிடைத்தது, மாமியாருக்கு முட்டிவலி போனது. உடனே எல்லாரும் அல்லேலூயா என்று கை தட்டுவார்கள். கஷ்டம் தீர்ந்தவர்கள்தான் எழுந்தார்கள். தீராதவர்கள் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பிறகு மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்குக் கரு தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் கலைந்தது. பிள்ளை வேண்டும் என்று வருகிறவர்களின் தலையில் கை வைத்து நான்தான் ஜெபித்தேன். அவர்களில் சிலர் கைக்குழந்தையோடு வந்து சாட்சி சொன்னார்கள். குழந்தையை வாங்கிக் கொஞ்சி, திருப்பிக் கொடுத்துவிட்டு, டம்ளர் கழுவப் பின்பக்கம் போய்விடுவேன். குழாயைத் திறந்துவிட்டால் மூக்கை உறிஞ்சும் சத்தம் வெளியே கேட்காது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, தனியாக முழங்கால் போட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் வருவதில்லை. அதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒரு அக்கா இருந்தார். திருவொற்றியூர் மார்க்கெட்டில், வாங்குகிறவர்களுக்கு மீனைச் செதில் சீவி வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. புருஷன் இல்லை. இளைய மகனும் ஒரு நாள் பைக்கில் போகும்போது கன்டெய்னர் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். அடக்கத்தின்போது எல்லாரும் கதறினார்கள். அந்த அக்கா மட்டும் இரண்டு கைகளையும் தூக்கி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். சபையே சிலிர்த்துவிட்டது. என் கணவர் அதைப் பிரசங்கத்தில் பலமுறை எடுத்துச் சொன்னார். அந்த அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதனாலோ என்னவோ, அவருக்கு ஆறுதல் சொல்ல யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை, சாட்சி நேரத்தில் அந்த அக்கா எழுந்தார். வழக்கம்போல அல்லேலூயாவுக்குத் தயாராக இருந்தோம்.

"நான் சொல்றத யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. புள்ள போனதுலேர்ந்து எனுக்கு ஜெபம் வர்ல. நீங்கல்லாம் கண்ண மூடிகினு கீறப்போ நான் சும்மா வாய ஆட்டிகினு கீறேன். வூட்டாண்ட போனா ஆண்டவர திட்டறேன். அன்னிக்கி ஸ்தோத்திரம் சொன்னேனே, அது எப்டி வாய்ல வந்துச்சின்னு எனுக்கே தெர்ல. அத்த வெச்சிகினு எல்லாரும் என்ன பெரிய ஆளு ஆக்கிட்டீங்க. எனுக்கு வாய் வுட்டு அயுவக்கூட எடம் இல்லாம போச்சி."

பெண்கள் கூட்டத்தின் செயலாளரம்மா பதறிப்போய் ஒரு துதிப்பாட்டை ஆரம்பித்தார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடினார்கள். அந்த அக்கா கையில் முந்தானையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"பாட்டு வேண்டாம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நாற்காலியிலிருந்து எழுந்துபோய்ப் பாயில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எனக்கும் வரல அக்கா. ரொம்ப நாளா வரல." மற்றதையும் சொன்னேன். கலைந்த கருக்களைப் பற்றி, பின்பக்கக் குழாயைப் பற்றி. அவர் என் தோளில் முகம் புதைத்து அழுதார். மகனுக்காக அவர் சபைக்குள் அழுதது அன்றுதான்.

செய்தி எனக்கு முன்னால் என் கணவரிடம் போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, "இதை ஏன் எங்கிட்ட முதல்ல சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்க பாஸ்டராச்சே," என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் சபையிடம் சொன்னார்: "அந்தத் தாயோட துக்கத்தை நான் உதாரணமாக்கிட்டேன். அவங்ககூடப் போய் உட்காரல. இனி சாட்சி நேரத்தில் கஷ்டத்தையும் சொல்லலாம். கேட்டவங்க அந்த வாரத்துக்குள்ள சொன்னவங்க வீட்டுக்குப் போகணும்."

சிலருக்கு அது பிடிக்கவில்லை. "பாஸ்டரம்மாவே இப்டி சொன்னா நாங்க யார நம்பறது?" என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே கேட்டார். செயலாளரம்மாவும் அவருடைய சொந்தக்காரர்களும் பெரிய ஜெபமண்டபம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த புதன்கிழமைகளில் விரித்த பாய்களில் பாதி காலியாக இருந்தது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். முன்பு தனிமையை என்னால் மறைக்க முடிந்தது. இப்போது அது எல்லாருக்கும் தெரிந்த தனிமை. உண்மை பேசி ஒரு சபையை உடைத்துவிட்டேனோ என்று சமையலறையில் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒரு மதியம் அந்த அக்கா பையில் நெத்திலியோடு வந்தார். கேட்காமலே சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆயத் தொடங்கினார்.

"இன்னா பாஸ்டரம்மா, மூஞ்சி இப்டி கீது? துன்னியா?"

"பசிக்கல அக்கா."

"கொயம்பு வெச்சித் தர்றேன், துன்னு. அப்பால நம்ம ரெண்டு பேரும் ஹவுசிங் போர்டு குடியிருப்பாண்ட போலாம். மூணாவது மாடில ஒரு பொண்ணுக்கு புள்ள பொறந்து செத்துப்போச்சாம். ரெண்டு வாரமா கூட்டத்துக்கு வர்ல. ஜெபம் வர்லன்னா இன்னா, போயி குந்தினா போதும்."

போனோம். அந்தப் பெண் கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. நாங்கள் ஜெபிக்கவில்லை. அவள் தலையை வாரிவிட்டோம், குழம்பைச் சோற்றில் பிசைந்து ஊட்டினோம். திரும்பும்போது மின்சார ரயில் கடக்கும்வரை கேட்டருகே நின்றோம். மறுவாரம் இன்னும் இரண்டு பேர் எங்களோடு வந்தார்கள். காசநோய் வந்த ஒருவரின் வீட்டுக்கு, குடிகாரக் கணவனிடம் அடிவாங்கிய ஒரு பெண்ணின் வீட்டுக்கு என்று அது வழக்கமானது. அந்தப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனதும் புதன்கிழமைக் கூட்டம்தான். வராமல் நின்றுபோன பழைய முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. கூட்டம் பழைய அளவுக்கு வளரவே இல்லை. ஆனால் ஒருத்தர் வராவிட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்த அக்கா என் தலையில் கை வைத்தார். மீன் வாடை அடிக்கும் கனமான கை.

"ஆண்டவரே, உம்மேல எனுக்கு இன்னும் கோவம் கீது. இருந்தாலும் சொல்றேன். இந்தப் பொண்ணு தனியா கீது. பாத்துக்கோ."

அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. எனக்காக ஒருவர் ஜெபித்ததை இந்த ஊரில் முதன்முதலாகக் கேட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அக்கா போன வருஷம் மூத்த மகளோடு கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோய்விட்டார். எப்போதாவது போன் செய்வார், பக்கத்தில் பேரன் கத்துவதில் பாதி பேச்சு கேட்காது. புதன்கிழமை மதியம் நான் முன்கூட்டியே கூடத்துக்குப் போய்விடுவேன். பாய்களை விரித்துவிட்டு, யாரும் வருமுன் கொஞ்ச நேரம் முழங்கால் போடுவேன். சில நாள் வார்த்தை வருகிறது. வராத நாளில் அப்படியே இருந்துவிட்டு, முதலில் வருகிறவரிடம் இன்று எனக்கு ஜெபம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.