கிளிநொச்சியில் கிடைத்த விவாகரத்து

லண்டன் நோர்பரியில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் தவநாயகிக்கு ஐம்பத்திரண்டு வயது. பேருந்து ஓட்டும் கனகலிங்கத்தை மணக்க முடிவெடுத்து, சென்ற வருடம் அவருடன் கவுன்சிலின் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். முதல் திருமணம் முறிந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். மொழிபெயர்ப்போடு ஒரு தாளை நீட்டினாள். இது எந்த நாட்டு நீதிமன்றம் என்று அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். தவநாயகி தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள்.

அது 2004இல் கிளிநொச்சியில் புலிகளின் நீதிமன்றம் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்பு. கணவன் ஞானேஸ்வரன் இரண்டு முறை அவள் கையை முறித்திருந்தான். இனி இவள் வாசலை மிதித்தால் மறியலில் அடைப்போம் என்று நீதவான் அவனிடம் சொன்னார். அவன் மிதிக்கவில்லை. சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. தீர்ப்போடு வெளியே வந்தவள், வெளிநாட்டுத் தூதுவர்களின் வாகன வரிசை போகட்டும் என்று வீதியோரம் ஒதுங்கி நின்றாள்.

அதையெல்லாம் சட்டத்தரணி பிரீத்தாவிடம் கொட்டினாள்.

"வெள்ளைக்காரத் தூதுவர்மார் அங்க வந்து கைகுடுத்திட்டுப் போனவை, பிள்ளை."

"கதைக்கத்தான் வந்தவை, அக்கா. அதை ஒரு நாடும் அரசாங்கம் எண்டு ஏற்கேல்லை. இயக்கம் இஞ்ச தடை. இந்தத் தாளை இனி ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ."

"என்ர கலியாண எழுத்து?"

"அது இலங்கை அரசாங்கம் தந்தது. செல்லும்."

"அப்ப, நான் அடிவாங்கினதுக்கு நாடு இருக்கு. தப்பினதுக்கு இல்லை."

ஒரு வழி இருந்தது. இங்கிலாந்து நீதிமன்றத்தில் புதிதாக விவாகரத்துக் கேட்கலாம். கணவனின் சம்மதம் தேவையில்லை. ஆனால் தான் இன்றுவரை ஞானேஸ்வரனின் மனைவி என்று அவள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்துத்தானே என்றார் கனகலிங்கம். நான்கு நாட்கள் அவள் அவருடன் பேசவில்லை. ஐந்தாம் நாள் தாள் கிழியும் அளவுக்குப் பேனையை அழுத்திக் கையெழுத்திட்டாள்.

பத்திரங்கள் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஞானேஸ்வரனுக்கு அங்கே வேறொருத்தியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனாலும் யாரிடமோ இலக்கம் வாங்கி அழைத்தான்.

"லண்டனே சொல்லுது, நீ இன்னும் என்ர பெண்சாதி எண்டு."

இருபது வருடங்களுக்குப் பிறகு அந்தக் குரல். வேலைத்தளத்தில் ஒரு கிழவருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். அழைப்பைத் துண்டித்தாள். பிறகு மலசலகூடத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளாலும் நாடுகளைத் திட்டினாள்.

ஆறு மாதங்கள் கழித்து நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் பதிவுத் திருமணம் செய்தார்கள். எந்தப் படத்திலும் அவள் சிரிக்கவில்லை. பொம்பிளைக்குக் கூச்சம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். கனகலிங்கம் அவர்களைத் திருத்தப் போகவில்லை.