தானே திருந்தும் மணிக்கூடு

மஹய்யாவ என்ற ஊரில் இருக்கும் யசோதினி, பல்லேகலவில் ஒரு தையல் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்ப்பவள். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைப் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளுவதை ஒருநாள் கண்ணாலேயே கண்டாள்; பின்னேரம் எல்லாரும் பத்து நிமிடம் சம்பளமில்லாமல் கூடுதலாக வேலை செய்ய வேண்டியதுதான். அன்றிலிருந்து அந்த ஆளின் முகத்தையே அவள் பார்ப்பதில்லை.

வீட்டில் கிடந்த பழைய ரேடியோவைப் பிரித்து, நாலு மாதம் மினக்கெட்டு ஒரு மணிக்கூடு செய்தாள். ரேடியோச் செய்திக்கு முன்னால் வரும் ‘பீப்’ ஒலியைக் கேட்டு அது தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். யார் முள்ளைத் திருப்பினாலும் அடுத்த செய்தியோடு சரியாகிவிடும். அதைச் சுவர் மணிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினாள்.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்து பார்த்தார்.

“கெட்டிக்காரிதான் நீ! இத என் ரூமுல மாட்டிரு. எனக்குச் சரியான நேரம் வேணும்.”

“அப்ப எங்களுக்கு, சேர்?”

“ஒங்களுக்குத்தான் பழசு இருக்கே.”

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் பல்லை இளித்தான்.

யசோதினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதில் ஏறித் தன் மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் போட்டாள்.

“இது பொய் பேசாது சேர். இங்க இருக்க வேணாம்.”

அந்தக் கிழமையே வேலையை விட்டாள். இன்றும் அந்தத் தொழிற்சாலை பஸ் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.