குடும்ப ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது

1. முதல் நாள், முதல் சண்டை

மலாவி நாட்டில் நாங்கள் கால் வைத்த முதல் நாள், விமான நிலையச் சுங்க அதிகாரி என் சாம்பார்ப் பொடியைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை தும்மினார். அந்தக் கோபத்தில் எங்கள் ஐந்து பெட்டிகளையும் மேசையில் கவிழ்த்துவிட்டார். மிளகாய்த்தூள், இட்லிப் பானை, வேதாகமம், கைக்குழந்தை ஜெமிமாவின் துணிமணி எல்லாம் ஒரே குவியல். சுவிசேஷம் சொல்லப் போன நாங்கள் மளிகைக்கடை போட வந்தவர்கள் மாதிரி நின்றோம்.

என் வீட்டுக்காரர் அங்கே வாயைத் திறக்கவில்லை. வேதாகமப் பள்ளியில் பாடம் நடத்த அனுப்பப்பட்ட போதகர் அவர். பொது இடத்தில் மனைவியைத் திட்டினால் சாட்சி கெட்டுவிடும். வாடகை வீட்டுக்கு வந்து பாயை விரித்து, குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போட்ட பிறகுதான் ஆரம்பித்தார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, மூன்று பெட்டி போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியும் ஐந்து பெட்டி கட்டிய உமது அடியாளுக்கு நல்ல ஞானத்தைத் தாரும்."

ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன். அடுத்து நான் ஜெபிக்க வேண்டிய முறை.

"கர்த்தாவே, இட்லிப் பானை எதற்கு என்று கேட்ட உமது ஊழியக்காரர், நாளைக் காலையில் இட்லி கேட்காதபடி அவருடைய நாவைக் காத்தருளும்."

அவரும் ஆமென் சொல்லித்தானே ஆக வேண்டும்! சொன்னார். மறுநாள் காலையில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போனார்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊழியக்காரர் வீடுகளில் முக்கால்வாசிச் சண்டை இப்படித்தான் நடக்கிறது. வெளியில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். இளம் மிஷனரி மனைவிகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் மிஷனில் கேட்டுவிட்டார்கள், அதனால் உள்ளதை எழுதுகிறேன். புனிதமான விஷயங்கள் வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பிள்ளை பார்த்துக் கற்றது

மலாவியில் நான் நர்சரி வகுப்பு நடத்தினேன், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன், வந்தவர் போனவருக்கெல்லாம் சமைத்துப் போட்டேன். மிஷன் பத்திரிகையில் அவர் படத்துக்குக் கீழே "குடும்பத்தினருடன்" என்று போடுவார்கள். அந்தக் குடும்பத்தினர் நான்தான்.

ஜெமிமா அங்கேயே வளர்ந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிச்சேவா மொழியில் சண்டை போடுவாள், எங்களோடு தமிழில் சண்டை போடுவாள். அவர்கள் வீட்டு மக்காச்சோளக் களியை ஒரு கை பார்த்துவிட்டு வந்து, என் ரசத்தைக் குறை சொல்வாள். அவளுக்குத் தம்பி ஜோயல் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்த சமயம், ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தது.

"இயேசப்பா, தம்பி என் கிரேயானத் தின்னுட்டான். அவனுக்கு வயித்து வலி வரட்டும். ஆமென்."

பழக்கதோஷத்தில் நாங்களும் ஆமென் சொல்லிவிட்டோம். ஜோயலுக்கு வயிற்றைப் புரட்டியது. கிரேயானைத் தின்றால் புரட்டாமல் என்ன செய்யும்? ஆனால் அன்றிலிருந்து அவளுடைய விசுவாசம் மலைபோல் வளர்ந்துவிட்டது.

3. சிங்கம் வருமா, சிஸ்டர்?

ஜெமிமாவுக்கு ஆறு வயதானபோது விடுப்பில் ஊருக்கு வந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் என் தம்பி அருள் வீட்டில் தங்கினோம். விடுப்பு என்று பெயர்தான். ஞாயிறுதோறும் ஒரு சபையில் போய்ப் படம் காட்டிப் பேச வேண்டும். பூந்தமல்லியில் காட்டிய அதே படங்களை வானகரத்தில் காட்டினோம். வானகரத்தில் ஒருவர் எழுந்து, "அங்க ஊட்டாண்ட சிங்கம் வருமா, சிஸ்டர்?" என்றார். எங்கள் தெருவில் கோழிதான் வரும் என்றேன். மனிதர் ஏமாந்துபோய் உட்கார்ந்தார்.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் நடுவில் என் நெஞ்சில் ஒரு கல் கிடந்தது. ஆறு வயதான பிள்ளைகள் தெற்கே இருக்கும் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது எங்கள் மிஷனின் விதி. நாங்கள் மூவரும் விமானம் ஏற, ஜெமிமா ரயில் ஏற வேண்டும். ட்ரங்குப் பெட்டி வாங்கி, மேலே வெள்ளை பெயிண்டில் அவள் பெயரும் எழுதியாகிவிட்டது.

மிஷன் செயலாளர் ஐயாவிடம் போய் நின்றேன். திருநெல்வேலியிலிருந்து வந்து, ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், விதி என்றால் மட்டும் இரும்பு.

"ஆபிரகாம் பெத்த மகன் ஈசாக்கையே குடுத்தாம்லாம்மா," என்றார்.

"குடுக்கப் போனாரு ஐயா. ஆண்டவர் வேண்டாம்னுட்டாரு."

"அதெல்லாம் நமக்கு விசுவாசப் பரீட்சைம்மா."

"ஈசாக்கப் பெத்த சாராள்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா, ஐயா?"

அவர் சிரித்துவிட்டு, ஜெபித்துக்கொள்ளச் சொன்னார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. அந்த நாட்களில் ஜெபத்திலும் எங்களுக்குள் சண்டை இல்லை. ஹாஸ்டல் என்ற சொல்லை இருவருமே ஆண்டவரிடம்கூட எடுக்கவில்லை. எடுத்தால் உடைந்துவிடுவோம் என்று பயம்.

அருளுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, கொழந்தய உட்டுட்டு நீ மட்டும் பிளேன் ஏறுவியா? உன்து இன்னா கல்லு நெஞ்சா?"

"ரூல்ஸ்டா."

"ஆரு போட்ட ரூல்ஸு? நாலு பேரும் இங்கயே இருங்க. நம்ம ஊட்ல எடமா இல்ல?"

ஜெமிமா அருகில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவள் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

4. ஆவடி சபையில் நடந்தது

ஆவடியில் வழியனுப்பு ஆராதனை. சபை நிறைந்திருந்தது. செயலாளர் ஐயா மைக்கைப் பிடித்து, "இந்தக் குடும்பத்தார் தங்கள் அருமை மகளையும் பலிபீடத்தில் வைக்கிறார்கள்," என்றார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது.

மிஷனரிப் பிள்ளையை ஆப்பிரிக்க மொழியில் ஜெபிக்க வைத்து ஆராதனையை முடிப்பது வழக்கம். ஐயா குனிந்து, மைக்கை ஜெமிமாவின் வாயருகே பிடித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் சிச்சேவாவில் நாலு வரி சொன்னாள். சபைக்கு ஒரே மகிழ்ச்சி. அதோடு நிறுத்துவாள் என்று பார்த்தால், நிறுத்தவில்லை.

"இயேசப்பா, இப்ப தமிழ்ல சொல்றேன், இவங்களுக்கும் புரியணும். என்னை ஹாஸ்டல்ல விடணும்னு நீங்க சொன்னதா செயலாளர் தாத்தா சொல்றாங்க. என்கிட்ட நீங்க சொல்லவே இல்ல. தாத்தா வீட்டுல ஒரு பாப்பா இருக்கு. அது அதோட அம்மாகூடத்தான் தூங்குது, நான் பாத்தேன்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஐயாவின் கை மைக்கோடு கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் ஜெபத்தின் நடுவில் மைக்கை எப்படி இழுப்பது? அவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"எங்கம்மா பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவுறாங்க. அப்பா டீயே குடிக்க மாட்டேங்குறாரு. உங்களுக்கு வேலைக்கு ஆள் வேணும்னா எங்க நாலு பேரையும் எடுத்துக்கோங்க. இல்லன்னா நாலு பேரும் இங்கயே இருக்கோம். மாமா ஊட்ல எடம் கீது. ஒத்துக்கிறவங்க எல்லாரும் ஆமென் சொல்லுங்க. ஆமென்."

வழக்கம் வலியது. சபை முழுவதும் "ஆமென்" என்றது. அதில் மிகப் பெரிய ஆமென் ஒலிபெருக்கியில் வந்தது. மைக் இன்னும் ஐயாவின் கையில்தான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஐயா, "அறியாப் பிள்ளைல்லா," என்று ஆரம்பித்தார். பெண்கள் சங்கத் தலைவி அவரை விடவில்லை. ஃபிட்டர் ஒருவரின் மனைவி அவர், குரலே சுத்தியல்.

"இன்னா ஐயா இது? சாமியாண்ட ஆமென் சொல்லிட்டு வெளிய வந்து மாத்திப் பேசறதா? நாங்க அம்மாம் பேரும் சொல்லிகீறோம். நீங்க மைக்லயே சொன்னீங்க."

கமிட்டி கூடியது, நீளமாகப் பேசியது. ஜெமிமாவை எங்களோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்றது. முடிவைச் சொல்ல வந்த ஐயா அவள் தலையில் கை வைத்து, "எனக்கும் தூக்கமில்ல தாயி," என்றார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

அன்று குடும்ப ஜெபத்தில் என் வீட்டுக்காரர், "ஆண்டவரே, நான் பேசியிருக்க வேண்டியதை..." என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை. முழங்காலில் இருந்தபடியே அழுதார். நானும் அழுதேன், இந்தத் தடவை தண்ணீரைத் திறந்துவிடாமல். ட்ரங்குப் பெட்டியையும் சேர்த்து ஆறு பெட்டிகளோடு மலாவிக்குத் திரும்பினோம். பெட்டியைப் பற்றி அவர் மூச்சுக்கூட விடவில்லை.

5. கற்றுக்கொண்டது

இளம் மனைவிகளே, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விதி என்று யார் எதைச் சொன்னாலும், உங்கள் மனதில் இருப்பதைக் கண்ணைத் திறந்துகொண்டே சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் ஜெபத்திலாவது சொல்லுங்கள். பிள்ளை வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்கு இந்த வித்தை ஒருமுறை பலித்துவிட்டால், பிறகு அது உங்கள்மேலும் திரும்பும்.

இப்போது ஊர் திரும்பி வேப்பம்பட்டில் இருக்கிறோம். ஜெமிமாவுக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தது.

"இயேசப்பா, தினமும் ரயிலு, பஸ்ஸுன்னு அலைய முடியாது. அதனால நான் ஹாஸ்டல்ல சேரப் போறேன். அப்பா ஒத்துக்கிட்டாரு. அம்மா பாத்ரூம்ல தண்ணிய வீணாக்காம இருக்க அவங்களுக்கு பலம் குடுங்க. ஆமென்."

குறுக்கே பேச முடியுமா? அவரும் ஜோயலும் சத்தமாகச் சொன்னார்கள். பிறகு மூன்று பேரும் கண்ணைத் திறக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் நானும் ஆமென் சொன்னேன்.